சூதாட்டம் ஒரு தொழிலாகுமா?

திருப்பூர்ப் பனியன் தொழிலாளிக்கு வாரக் கூலி கைக்கு வருவது சனிக்கிழமை மாலையில். அந்தக் கூலியை எதிர்பார்த்து நிற்பவர்கள் பலர். வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்கு நிற்கிறார். மளிகைக் கடைக்காரர் பாக்கிக்கு நிற்கிறார். மதுரைப் பக்கத்திலோ, ஒரிஸ்ஸாவிலோ பெற்றோர் பணம் வருமென்று காத்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு அந்தக் கூலியில் கை வைக்க ஒரு கூட்டம் சில வருஷங்களுக்கு முன் தோன்றியது. அதற்குக் கடைவீதியில் கடை கிடையாது. வசூலுக்கு ஆள் அனுப்பும் வழக்கமும் இல்லை. தொழிலாளியின் சட்டைப் பையிலுள்ள போனிலேயே அது குடியேறிவிட்டது. பணம் வைத்து ரம்மியும் போக்கரும் ஆடச் செய்த கம்பெனிகளையே சொல்லுகிறோம்.

2025 ஆகஸ்டு மாதத்தில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து இந்த ஆட்டங்களைத் தடுத்தது. பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. ஆயினும் அவை வருஷக் கணக்கில் விளம்பரம் செய்து ஜனங்கள் மனத்தில் பதித்துச் சென்ற ஓர் எண்ணம் அவற்றோடு போய்விடவில்லை. "இது சூதாட்டமல்ல, திறமை, திறமையுள்ளவன் இதையே தொழிலாக வைத்துக்கொண்டு சம்பாதிக்கலாம்" என்பதே அந்த எண்ணம். சட்டத்தால் கம்பெனியை மூடலாம். எண்ணத்தை மூட முடியாது. நம் சட்டம் எட்டாத தேசங்களில் பதிவு செய்துகொண்ட வேறு கம்பெனிகள் அதையே தூண்டிலாகப் போட வல்லவை. ஆகையால் அந்த எண்ணத்தையே எடுத்துப் பரிசோதிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

வெறும் தூஷணையால் பயனில்லை. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். தருமபுத்திரர் நாட்டையும் தம்பியரையும் தோற்ற கதையை நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயது வாலிபனிடம் இதைச் சொன்னால், "தருமனுக்கு ஆடத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்கிறான். அவன் பதில் அவ்வளவு மூடத்தனமானதல்ல. சூதாடியே பிழைக்கும் மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பது மெய்தான். அதை மறைத்துவிட்டு உபதேசம் செய்தால், அந்த மெய் வெளிப்படும் அன்று நம் உபதேசம் முழுவதும் பொய்யாகிவிடும். எனவே அத்தகைய மனிதன் எப்படிப் பிழைக்கிறான், நாளொன்றுக்கு என்ன கூலி பெறுகிறான், எந்த நிபந்தனைகள் இருந்தால் அவனால் பிழைக்க முடிகிறது என்று முதலில் பார்ப்போம்.

அமெரிக்காவில் நெவாடா ராஜ்யத்தைச் சேர்ந்த லாஸ் வேகஸ் நகரத்தில் வீடியோ போக்கர் என்று ஒரு யந்திரம் உண்டு. சை ரெட் என்பவரின் கம்பெனி 1979-ம் வருஷத்தில் 'டிரா போக்கர்' என்ற யந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு இது பிரபலமடைந்தது. ஆட்டம் மிகச் சுலபமானது. காசு போட்டதும் யந்திரம் திரையில் ஐந்து சீட்டுகளைக் காட்டும். ஆடுகிறவன் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் கழிக்கலாம். கழித்ததற்குப் பதில் புதுச் சீட்டுகள் வரும். முடிவில் கையிலுள்ள ஐந்தின் தரத்துக்குத் தக்கபடி யந்திரம் காசு கொடுக்கும். எதிராளி என்று எவனும் கிடையாது. ஏமாற்றுப் பார்வை, முகக்குறி, வாய்ப்பந்தல் எதற்கும் அங்கே வேலையில்லை.

இந்த யந்திரத்தைக் கணக்குப் போட்டு அளந்துவிடலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. திரையில் சீட்டைக் காட்டுகிற யந்திரம் உண்மையான சீட்டுக்கட்டைப் போலவே நடந்துகொள்ள வேண்டும், 52 சீட்டுகளில் ஒவ்வொன்றும் வருவதற்குச் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்று நெவாடா விதி கட்டளையிடுகிறது. இது முதல் காரணம். எந்தக் கைக்கு எத்தனை காசு என்ற பட்டியல் யந்திரத்தின் முகத்திலேயே எழுதியிருக்கிறது என்பது மற்றொன்று. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை எடுப்பதற்கு 25,98,960 விதங்கள் உண்டு. எடுத்த ஐந்தில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதற்கு ஒவ்வொரு தடவையும் 32 வழிகள். இவ்வளவையும் கம்ப்யூட்டரில் போட்டு, எந்தக் கையில் எதை வைத்தால் அதிகம் திரும்பும் என்று கணித்து வைத்திருக்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரனுடைய வித்தை என்பது அந்தக் கணிதத்தைப் பிழையின்றி மனப்பாடம் செய்து, களைப்பு வந்தாலும், கோபம் வந்தாலும், கைக்குக் கை அப்படியே நடத்துவது.

பட்டியலை வாசிப்பதுதான் அவன் செய்யும் முதற் காரியம். மிகச் சாதாரணமான ஆட்டத்தில் 'புல் ஹவுஸ்' என்ற கைக்கு ஒன்றுக்கு 9-ம், 'பிளஷ்' என்ற கைக்கு 6-ம் கொடுக்கும் யந்திரம், பிழையற்று ஆடுகிறவனுக்கு நூறில் 99.54 திருப்பித் தருகிறது. அதே யந்திரத்தில் 9 என்பதை 8 ஆகவும், 6 என்பதை 5 ஆகவும் மாற்றி எழுதிவிட்டால் திரும்புவது 97.30 தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒளி ஒன்று, ஓசை ஒன்று, சீட்டும் ஒன்று. தெரிந்தவன் இரண்டாவது யந்திரத்தின் முன் உட்காரவே மாட்டான். இரண்டாம் எண் சீட்டுகளை எதற்கும் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்ற மற்றொரு ஆட்டத்தில், நல்ல பட்டியலுள்ள யந்திரம் நூற்றுக்கு 100.76 திருப்பித் தரும். அதாவது ஆடுகிறவன் பக்கத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கு சாதகம். தொழில்முறை ஆட்டக்காரன் தேடி அலைவது இந்த முக்கால் பங்கைத்தான்.

இனிக் கூலிக் கணக்கைப் பார்ப்போம். கால் டாலர் யந்திரத்தில் ஒரு கைக்கு ஐந்து காசு, அதாவது ஒன்றேகால் டாலர். கை பழகியவன் மணிக்கு 800 கை ஆடுவான் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 1,000 டாலர் யந்திரத்துக்குள் போய் வருகிறது. அதில் 0.76 சதவீதம் 7 டாலர் 60 சென்ட். அமெரிக்க மத்திய சர்க்கார் 2009-ம் வருஷத்தில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். ஒரு பிழையும் செய்யாமல், உலகத்திலேயே மிகத் தயாளமான யந்திரத்தின் முன்னே உட்கார்ந்து, மணிக்கு 800 தடவை பொத்தானை அழுத்துகிறவனுக்கு ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறவனைவிட 35 சென்ட் அதிகம்! திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லருக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். பீசுக்கு இத்தனை பைசா, மணிக்கு இத்தனை பீஸ் என்று அவனும் இதே போலத்தான் கணக்குப் பார்க்கிறான்.

பீஸ் ரேட்டிலும் மோசமான ஓர் அம்சம் அதிலே உண்டு. தைத்த பீசுக்குச் சனிக்கிழமை கூலி வந்துவிடும். யந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த நிச்சயமில்லை. அவனுடைய ஆதாயத்தில் ஒரு முக்கியமான பாகம் 'ராயல் பிளஷ்' என்ற ஒரே கையில் அடங்கியிருக்கிறது. அது சுமார் 40,000 கைக்கு ஒரு தடவை வருவது. மணிக்கு 800 கை வீதம் 50 மணி நேரத்துக்கு ஒன்று. அதுவரையில் அநேகமாக நஷ்டத்திலேயே ஆடிக்கொண்டிருக்க வேண்டும். 50 மணி ஆனதும் தவறாமல் வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 40,000 கை ஆடியும் அது வராமலே போவதற்கு நூற்றுக்கு 37 வாய்ப்பு. 1,20,000 கை ஆடியும், அதாவது 150 மணி நேரம் பொத்தானை அழுத்தியும், வராமல் போகிறவர்கள் நூற்றில் ஐந்து பேர். அந்த நாட்களைத் தாங்குவதற்குக் கடனல்லாத சொந்தப் பணம் ஆயிரக்கணக்கான டாலர் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். தாங்க முடியாதவன் கணக்குத் தெரிந்தும் கெட்டுப்போவான்.

இதிலும் பெரும்பணம் சம்பாதித்தவர்கள் இல்லையா? உண்டு. பாப் டான்ஸர் என்ற புனைபெயருடைய ஒருவரும் அவர் மனைவியும் லாஸ் வேகஸில் ஒரே சூதாட்ட விடுதியில் ஆறு மாத காலத்தில் 2001-ம் வருஷத்துக்குள் பத்து லட்சம் டாலருக்கு மேல் கெலித்தார்கள்; அவர் அதைப் புஸ்தகமாகவும் எழுதியிருக்கிறார். எப்படி முடிந்தது? வாடிக்கைக்காரர்களை இழுப்பதற்காக விடுதிகள் கொடுக்கும் சலுகைகளையும், திருப்பிக் கொடுக்கும் பணத்தையும், பரிசுகளையும் யந்திரப் பட்டியலோடு கூட்டிப் பார்த்து, எல்லாம் சேர்ந்து நூற்றைத் தாண்டுகிற இடத்திலும் நேரத்திலும் மட்டுமே ஆடினார்கள். தாண்டாத நாளில் ஆடுவதில்லை. ஆடாமலிருக்கத் தெரிந்ததே அவர்களுடைய முதல் தந்திரம். விடுதிக்காரர்கள் மட்டும் என்ன கணக்குத் தெரியாதவர்களா? நல்ல பட்டியலுள்ள யந்திரங்கள் வர வரக் குறைந்து, இன்று அரிதாகிவிட்டன. அதிகமாகக் கெலிக்கிறவனை "இனி இங்கே வராதே" என்று சொல்லவும் அந்த ஊர் விடுதிகளுக்கு அதிகாரம் உண்டு. ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லலாம். 2009-ல் ஜான் கேன், ஆன்ட்ரே நெஸ்டர் என்ற இருவர் ஒரு யந்திரத்திலிருந்த பிழையைக் கண்டுபிடித்து, அதைப் பயன்படுத்திப் பெரும் பணம் எடுத்தார்கள். யந்திரம் ஜனங்களிடமிருந்து எடுத்தால் வியாபாரம். ஜனங்கள் யந்திரத்திடமிருந்து எடுத்தால் குற்றம்! இருவர் மீதும் வழக்குத் தொடரப்பட்டு, கம்ப்யூட்டர் மோசடி என்ற குற்றச்சாட்டு 2013-ல் கைவிடப்பட்டது.

நளன் கதையை நேயர்கள் அறிவார்கள். புட்கரனிடம் நாட்டைத் தோற்றவன் அதே புட்கரனிடம் திரும்ப எப்படிக் கெலித்தான்? இடையில் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்து, தான்றி மரத்தின் காயைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லும் வித்தையை அவனிடம் கற்றுக்கொண்டான். எண்ணத் தெரியாத வரையில் தோற்றான். எண்ணத் தெரிந்த பின் கெலித்தான். கெலித்த பிறகு சூதாட்டத்தைத் தொழிலாக வைத்துக்கொள்ளவில்லை, நாட்டை ஆளப் போய்விட்டான். நம் வாலிபரும் எண்ணட்டும். லாஸ் வேகஸ் யந்திரத்தை எண்ணிய அதே முறையில், அவர்கள் போனில் ஆடிய ரம்மியையும் எண்ணிப் பார்ப்போம்.

இருவர் தலைக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். கெலித்தவனுக்கு 200 ரூபாய் வருவதில்லை. கம்பெனி தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும். இந்தக் கமிஷன் பொதுவாக நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரையில் இருந்தது. பத்து என்றே வைத்துக்கொள்வோம். குறைத்துச் சொன்னதாகவே இருக்கட்டும். கெலித்தவனுக்கு 180. ஆகவே கைமுதல் நஷ்டமாகாமல் இருப்பதற்கே நூறு ஆட்டத்தில் 56 ஆட்டம் கெலிக்க வேண்டும். ஐம்பத்தைந்து கெலிக்கிறவன் தன்னைத் திறமைசாலி என்று நினைத்துக்கொண்டே நஷ்டப்பட்டுக்கொண்டிருப்பான்.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு கம்பெனியைச் சேர்ந்த டெய்லர்களும், செக்கிங் பையன்களும், அயர்ன் மாஸ்டர்களுமாகச் சேர்ந்து ஒரு சனிக்கிழமை இரவு 1,00,000 ரூபாயை ஆட்டத்தில் வைக்கிறார்கள். கெலித்ததையும் மறுபடி மறுபடி வைத்து ஆடுகிறார்கள். முதல் சுற்று முடிந்ததும் அவர்கள் எல்லோர் கையிலுமாகச் சேர்ந்து இருப்பது 90,000. ஏழாவது சுற்றில் பாதிக்கும் கீழே இறங்கி 48,000-க்கு வந்துவிடும். இருபத்திரண்டாவது சுற்றில் பத்தாயிரத்துக்கும் குறைவு. யார் கெலித்தார், யார் தோற்றார் என்ற பேச்சே இதில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் மகா மேதாவிகளாக இருந்தாலும், எல்லோரும் அசடர்களாக இருந்தாலும் கணக்கு ஒன்றே. லாஸ் வேகஸில் சாதாரணமான ஒரு நல்ல யந்திரம் தெரிந்து ஆடுகிறவனிடம் நூற்றுக்கு அரைக்கும் குறைவாக எடுக்கிறது. நம் ஊர்ப் போன் ரம்மி நூற்றுக்குப் பத்து எடுத்தது. இருபது மடங்குக்கு மேல்! சூதாட்டத்துக்கே பேர்போன ஊரைவிட இருபது மடங்கு கடுமையான தண்டல் நொய்யல் கரையில் வசூலாயிற்று.

கமிஷனோடு நிற்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் போன் ஆட்டத்தில் வரும் நிகரக் கெலிப்பிலிருந்து வருமான வரிக்கென்று 30 சதவீதம் பிடித்தார்கள். ஒரு வருஷத்து நஷ்டத்தை அடுத்த வருஷத்துக் கெலிப்பில் கழித்துக்கொள்ளவும் இடமில்லை. ஏற்றமும் இறக்கமுமாக ஜீவிக்கிற தொழில்முறை ஆட்டக்காரனுக்கு இது ஒன்றே போதும், தொழிலைக் கைவிட. அதே 2023 அக்டோபர் 1 முதல் ஆட்டத்துக்கென்று செலுத்தும் முழுத்தொகையின் மேலும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. வரி போட்டதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பாவத்தைத் தடுக்க வேண்டிய சர்க்கார், அதிலே பங்கு வாங்குகிற வரையில் அதன் குரலில் எவ்வளவு உறுதி இருக்கும் என்பதை யோசிக்க வேண்டும். 1968-ல் நம் ராஜ்ய சர்க்காரே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கிய சங்கதி பலருக்கு நினைவிருக்கும். 2003 ஜனவரியில்தான் லாட்டரி விற்பனைக்கு இங்கே தடை வந்தது.

இவ்வளவு கணக்குக்கும் கம்பெனிகள் வைத்திருந்த பதில் ஒரே ஒரு வார்த்தை: திறமை. அந்த வார்த்தையை அவை கோர்ட்டிலிருந்து எடுத்து வந்தன. 1967-ல் ஆந்திர சர்க்காருக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் நடந்த வழக்கில், செகந்திராபாத் கிளப் ஒன்றில் ஆடிய ரம்மியைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. விழுந்த சீட்டை ஞாபகத்தில் வைப்பதற்கும், எதை வைத்து எதை எறிவது என்று நிதானிப்பதற்கும் திறமை வேண்டுமாகையால், ரம்மி பிரதானமாகத் திறமை ஆட்டமே என்பது அதன் சாரம். 1996-ல் குதிரைப் பந்தயத்துக்கும், சென்னை ரேஸ் கிளப் சம்பந்தமான வழக்கில், அதே பெருமை கிடைத்தது. 1967-ம் வருஷத் தீர்ப்பைப் படித்தவர்கள் இன்னொன்றையும் அதில் காண்பார்கள். கிளப்போ, இடத்துக்குச் சொந்தக்காரரோ அந்த ஆட்டத்திலிருந்து ஆதாயம் அடைவதாக ருசுவானால் குற்றம் ஏற்படக்கூடும் என்றும் நீதிபதிகள் அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். கமிஷனுக்கென்றே கடை வைத்தவர்கள் விளம்பரத்தில் முதல் பாதியைப் போட்டார்கள். இரண்டாம் பாதியைப் போடவில்லை.

நம் ராஜ்யத்தில் நடந்த சட்டப் போரை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 2021-ல் செய்த தடைச் சட்டத்தை அவ்வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு ரத்து செய்தது. 2022-ல் முன்னாள் நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் கமிட்டி. அதன் பிறகு அவசரச் சட்டம், மசோதா, கவர்னர் அதைத் திருப்பியனுப்பியது, சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் சட்டம். அவ்வருஷம் நவம்பர் 9-ந் தேதி ஹைக்கோர்ட்டு, சட்டத்தின் மற்றப் பகுதிகளை ஒப்புக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடை செய்த பகுதியை மட்டும் தள்ளிற்று. கட்டுப்படுத்தலாம், தடுக்க முடியாது என்றது. 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாதென்றும், ஆதார் காட்ட வேண்டுமென்றும் செய்த விதிகளை அதே ஹைக்கோர்ட்டு ஜூன் 3-ந் தேதி உறுதி செய்தது. இரண்டு மாதம் கழித்து வந்த பார்லிமெண்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடச் செய்கிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதித்தது. ஆடுகிறவனைக் குற்றவாளியாக்கவில்லை, அது மிகவும் சரி. அச்சட்டத்தை எதிர்த்த மனுக்களைச் சுப்ரீம் கோர்ட்டு 2025 செப்டம்பரில் தன்னிடமே மாற்றிக்கொண்டது.

கோர்ட்டுகள் விசாரித்தது ஓர் ஆட்டத்தில் திறமைக்கு இடமுண்டா என்பதை. தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தத் திறமையின் பலன் எங்கிருந்து வருகிறது? பேட்லாக் மெஷினில் ஒருவன் கை தேர்ந்தால், பீஸ் அதிகமாகும், தையல் சுத்தமாகும், ஆர்டர் வரும். பக்கத்து மெஷின்காரனுக்கு அதனால் ஒரு பைசா நஷ்டமில்லை. கைமடியாகச் சேர்ந்தவள் டெய்லராகி, டெய்லராக இருந்தவன் சொந்தமாக நாலு மெஷின் போட்டுப் பவர் டேபிள் நடத்தி, பிறகு முதலாளியாகவும் ஆன கதைகள் அவ்வூரில் தெருவுக்குத் தெரு உண்டு. 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய்ச் சரக்கு அங்கிருந்து கப்பலேறியது இந்த மாதிரித் திறமையினால். ரம்மித் திறமை அப்படிப்பட்டதல்ல. ஒருவன் திறமையினால் ஒரு நூல்கூடப் புதிதாக உண்டாவதில்லை. அவன் கெலித்தது இன்னொருவன் தோற்றது, அதிலும் பத்தில் ஒன்று குறைந்தது. லாஸ் வேகஸ் ஆட்டக்காரனையாவது ஒரு விதத்தில் மெச்சலாம். அவன் பறிப்பது விடுதிக்காரனிடமிருந்து. போனில் "தொழில்" செய்கிறவன் பறிப்பது யாரிடமிருந்து? ஆடத் தெரியாதவனிடமிருந்துதான், அதாவது ஒன்றரை ஷிப்டு முடித்துக் கண் சொருகியபடி ரூமில் படுத்திருக்கும் தன்னைப் போன்ற இன்னொரு தொழிலாளியிடமிருந்து. தேர்ந்தவன் ஒருவன் இப்படிப் பிழைப்பதற்குத் தேராதவர்கள் பலர் வாரந்தோறும் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களைப் பிடித்துக் கொண்டுவருவதற்கே சினிமா நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் விளம்பரத்தில் தோன்றினார்கள்.

யந்திரத்தில் சீட்டு நேர்மையாக விழுகிறதென்று நெவாடா சர்க்கார் சோதிக்கிறது. போனில் சீட்டைக் கலைப்பது யார், எதிரே உட்கார்ந்திருப்பது மனிதனா கம்ப்யூட்டரா என்பது ஆடுகிறவனுக்குத் தெரிய வழியில்லை. நம் ராஜ்ய சர்க்கார் கோர்ட்டிலே எழுப்பிய ஆட்சேபங்களில் இதுவும் ஒன்று. கோர்ட்டு அதை ஏற்கவில்லை. ஆயினும் கூலிக்காரன் தன் காசை வைப்பதற்கு முன் கேட்க உரிமையுள்ள கேள்வி இது.

பொழுது போவதற்காகவே ஆடினோம், எங்கள் காசு, எங்கள் இஷ்டம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. சுதந்திரத்தை மதிக்கிற நாம் இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டோம். பத்து ரூபாய் வைத்துப் பண்டிகை நாளில் திண்ணையிலே சீட்டாடுகிறவனைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. அங்கே கமிஷன் இல்லை. விளக்கு அணைந்ததும் ஆட்டம் முடிந்தது. தோற்றவன் முகத்தைக் கெலித்தவன் பார்த்தாக வேண்டும். போன் ஆட்டத்தில் இந்த மூன்று தடைகளும் கிடையா. காசு தீர்ந்தால் கடன் கொடுக்கவும் அதே போனில் கம்பெனிகள் காத்திருந்தன. கடன்பட்டு, வீட்டுக்குச் சொல்ல வெட்கப்பட்டு, உயிரை விட்டவர்களின் குடும்பங்கள் இந்த ராஜ்யத்தில் இருக்கின்றன. அந்த மரணங்களின் பிறகே கமிட்டியும் சட்டமும் வந்தன.

திருப்பூரில் அபாயம் மறுபடி தலைகாட்டும் காலம் எது என்று சொல்லிவிடலாம். வேலை குறையும் காலம். 2025 ஆகஸ்டு 22-ந் தேதி சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு ராஷ்டிரபதியின் சம்மதம் கிடைத்தது. ஐந்து நாள் கழித்து, 27-ந் தேதி, அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரியை அமுலுக்குக் கொண்டுவந்தது. பல கம்பெனிகளில் ஆர்டர் நின்றது, ஓவர்டைம் போயிற்று. கூலி குறைந்து, பொழுது மிஞ்சிய மனிதனிடம் "ஒரே இரவில் ஈடு செய்யலாம்" என்று ஒருவன் வந்து சொன்னால் அவன் காது கொடுப்பான். கம்பெனிகள் போனாலும் அப்படிச் சொல்லுகிறவர்கள் போய்விடவில்லை. கேரள லாட்டரியின் முடிவை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக நடத்தும் மூன்று நம்பர் லாட்டரி கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. 2003-ம் வருஷத் தடையால் அது அழிந்துவிடவில்லை என்பதைப் போலீஸ் வழக்குகளே காட்டுகின்றன.

1937 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, கடையை மூடுவதோடு காரியம் முடிந்ததென்று எவரும் நினைக்கவில்லை. குடித்துக் கழித்த மாலைப்பொழுதை வேறு எதனால் நிரப்புவது என்ற கேள்வியும் உடனே எழுந்தது. திருப்பூரிலும் அதே கேள்விதான். 1932-ல் உயிர் நீத்த குமரன் தேசபந்து வாலிபர் சங்கத்தைச் சேர்ந்தவர். உழைக்கும் வாலிபரின் ஓய்வு நேரத்துக்கு உரிமை கொண்டாட அக்காலத்தில் அப்படி ஒரு சங்கம் இருந்தது. இன்று அந்த நேரத்துக்கு உரிமை கொண்டாடுவது யார்?

தொழிற்சங்கத்தார், கட்சி வேற்றுமை பாராமல், செய்யக்கூடிய சில காரியங்கள் உள்ளன. மேலே போட்ட ஏழு சுற்றுக் கணக்கைத் தமிழிலும் ஹிந்தியிலும் ஒரியாவிலும் ஒரே தாளில் அச்சிட்டு, ஹாஸ்டல்களிலும் பவர் டேபிள்களிலும் ஒட்ட வேண்டும். சூதாட்டக் கடனில் மாட்டியவர்கள் வெட்கமின்றி வந்து சொல்வதற்குச் சங்க ஆபீஸில் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, கடன் கம்பெனிகளோடு சங்கமே பேச வேண்டும். ஆடுகிறவன் மீது பார்லிமெண்டுச் சட்டப்படி குற்றமில்லை என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் வருவார்கள். முதலாளிகளும் அட்வான்ஸ் கேட்டு வருகிறவனை விரட்டாமல், ஏன் கேட்கிறான் என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம். தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆகும் வாரமே திருட்டு ஆட்டக்காரர்களுக்கும் அறுவடை வாரமாகையால், போனஸ் பேச்சு தொடங்குவதற்கு முன்பே இந்த வேலை தொடங்கியாக வேண்டும்.